மதியம் ரெண்டு மணிக்கு வாயைப் பிளக்கும் கோழிகள்: சுங்கை சிப்புட் பக்கம் என்ன செய்றீங்க?

தாமான்_தங்கச்சி | செவ்வாய், இரவு 9:14

வணக்கம். மலேசியா, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட், டவுனுக்குச் சற்று வெளியே தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு. பின்னாடி சிமெண்டுத் தரை, அதுல ஒரு ரெபான் (கோழிக் கொட்டகை). 11 கோழி. ஆறு கம்போங் கோழி (நாட்டுக் கோழி), மத்த அஞ்சும் பென்சன் கோழி, அதாவது முட்டை குறைஞ்சதும் பண்ணையில கழிச்சு விட்டது. முட்டைக்கு அரசாங்கம் கொடுத்த உதவித்தொகையை 2025 ஆகஸ்டுல நிறுத்தினதுக்கு அப்புறம்தான் மாமியார் இந்த யோசனையைச் சொன்னாங்க. அவங்க தோட்டத்துல இருந்தப்போ லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடு) பின்னாடி கோழி வளர்த்தவங்க.

இப்போ விஷயம். ஒரு வாரமா வெயில் தாங்கல. நேத்து மத்தியானம் பென்சன் கோழி ஒண்ணு செத்துப் போச்சு. மத்ததெல்லாம் ரெக்கையை உடம்புல இருந்து விலக்கி வச்சிக்கிட்டு, வாயைப் பிளந்து மூச்சு வாங்குதுங்க. தண்ணி வச்சுதான் இருக்கேன், ஆனா கிட்டப் போய் மூக்கை நனைச்சிட்டு வந்துடுதுங்க, குடிக்கிறதில்ல. ரெபானுக்கு சிங் (தகரம்) கூரை, மூணு பக்கமும் பலகை. மூசாங் (மரநாய்) வரும், பாம்பு வரும்னு வீட்டுக்காரர் அப்படி அடைச்சு வச்சிருக்கார்.

வீடியோவுல பனி மாதிரி தண்ணி தெளிக்கிற பைப் செட் ஒண்ணு காட்டுறாங்க. 80 வெள்ளி (ரிங்கிட்). வாங்கலாமா?

---

பழைய_தண்டல் | செவ்வாய், இரவு 9:40

வாங்காதீங்கம்மா. முதல்ல சில கேள்வி.

கூரை உங்க தலைக்கு எட்டுற உயரமா, இன்னும் தாழ்வா? ரெபானோட நீளப் பக்கம் எந்தத் திசையைப் பார்த்து இருக்கு? தண்ணிப் பாத்திரம் மதியம் நிழல்ல இருக்கா? செத்த கோழியோட எச்சம் பச்சையா இருந்ததா, கழுத்து முறுக்கிக்கிச்சா?

கடைசிக் கேள்விக்கு இன்னிக்கே பதில் சொல்லுங்க. மத்தது நாளைக்குப் பேசலாம்.

---

தாமான்_தங்கச்சி | செவ்வாய், இரவு 9:52

கழுத்து முறுக்கல ஐயா. எச்சம் தண்ணியா இருந்தது, பச்சை இல்ல. காலையில நல்லா தின்னுச்சு. மதியம் மூலையில உக்காந்துச்சு, மூணு மணிக்கு இல்ல. மத்தது எதுவும் தும்மல, மூக்கு ஒழுகல.

கூரை என் தோள் உயரம். நீளப் பக்கம் மேற்கைப் பார்த்து இருக்கு. தண்ணி வெள்ளை பிளாஸ்டிக் டப்பா, ரெபான் வாசல்ல. மூணு மணிக்கு அங்க வெயில் விழும்.

---

மோட்டோ_மச்சான் | செவ்வாய், இரவு 10:03

செத்ததை ரெண்டாங் கறியா, பெரட்டலா? 😀

---

பழைய_தண்டல் | செவ்வாய், இரவு 10:05

தம்பி, தானா செத்த கோழியை யாரும் சமைக்காதீங்க. ஆழமாத் தோண்டிப் புதைக்கணும். இந்த விளையாட்டு இங்க வேணாம்.

---

டெடாக்_கடை | புதன், காலை 7:20

நான் தீவனக் கடை வச்சிருக்கேன். வருஷா வருஷம் மார்ச், ஏப்ரல் வந்தா தினம் நாலு பேராவது இதே கேள்வியோட வருவாங்க. கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கங்க.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதோட உடம்புச் சூடே 41 டிகிரிக்கு மேல. காத்து 30 டிகிரியைத் தாண்டினதுமே சூட்டை வெளியேத்த சிரமப்பட ஆரம்பிக்கும். அதுக்கு ரெண்டு வழிதான். ஒண்ணு, கொண்டை, தாடி, கால், ரெக்கைக்கு அடியில உள்ள தோல் வழியா சூடு காத்துல கலக்கணும். ரெக்கையை விலக்கி நிக்கிறது அதுக்குத்தான். இன்னொண்ணு, வாயைத் திறந்து வேகமா மூச்சு விட்டு, தொண்டை ஈரத்தை ஆவியாக்கணும். சாதாரணமா நிமிஷத்துக்கு 30 மூச்சு விடுற கோழி, வெயில்ல 150-ஐயும் தாண்டிடும்.

அந்த ஈரம் எங்கிருந்து வருது? குடிச்ச தண்ணியில இருந்து. முட்டைக் கோழி ஒண்ணு சாதாரண நாள்ல கால் லிட்டர் குடிக்கும். கடும் வெயில்ல அரை லிட்டர் போகும். உங்க பத்துக் கோழிக்கு ஒரு நாளைக்கு அஞ்சு லிட்டர். அந்த வெள்ளை டப்பா எத்தனை லிட்டர் பிடிக்கும்?

மூக்கை நனைச்சிட்டு வந்துடுதுன்னு சொன்னீங்களே, அது தண்ணி சூடானதால. கோழி வெந்நீரை வெறுக்கும். தண்ணி உடம்புச் சூட்டை நெருங்கிட்டா பக்கத்துலயே நின்னு தாகத்துல சாகுமே தவிர குடிக்காது. கூரை மேல கறுப்பு டேங்க், வெயில்ல கிடக்கிற ரப்பர் ஹோஸ், இது ரெண்டுல இருந்தும் மதியம் வர்ற முதல் தண்ணி கையே பொறுக்காது. அதைச் செடிக்கு ஊத்துங்க. ஆறினது வந்த பிறகு பிடிங்க.

அப்புறம் அந்த மூச்சு வாங்குறதுக்கு இன்னொரு விலை உண்டு. வேகமா மூச்சு விடும்போது கரியமில வாயு அளவுக்கு மேல வெளியே போயிடும், ரத்தத்தோட அமிலச் சமநிலை மாறும், முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்பு சேராது. வெயில் காலத்துல தோல் முட்டை, மெல்லிசு ஓடு வந்தா உடனே சுண்ணாம்புக்காகப் போடுற கிளிஞ்சலைக் குறை சொல்லாதீங்க.

---

தாமான்_தங்கச்சி | புதன், காலை 7:48

டப்பா மூணு லிட்டர்தான் அண்ணே. காலையில ஒரு தடவை நிரப்பிட்டு வேலைக்குப் போயிடுவேன்.

---

லயத்துக்_கிளி | புதன், காலை 8:15

தங்கச்சி, ஒரு பெரிய டப்பாவுக்குப் பதிலா மூணு நாலு சின்னப் பாத்திரம் வைம்மா. எல்லாம் ஒரே இடத்துல இருந்தா பெரிய கோழி காவல் நின்னுக்கும், சின்னது கிட்ட வராது. வெயில்ல அது தண்ணிக்காகச் சண்டை போடாது, தள்ளிப் போய் உக்காந்துடும். உங்க பென்சன் கோழிகள் புதுசுங்கிறதால கடைசி வரிசையிலதான் நிக்கும்.

பாத்திரத்துக்கு நான் பொங்கல் பானையை வச்சிருக்கேன். வருஷா வருஷம் வாங்குறோம், அப்புறம் சமையலறையில தூசிதான் பிடிக்குது. கழுத்து குறுகலா இருக்குன்னா விளிம்பை மெல்லத் தட்டி உடைச்சு, கரடு இல்லாம தேய்ச்சிடுங்க. மண் கசியும், அதனால தண்ணி பிளாஸ்டிக்கை விட ஆறியிருக்கும். நம்ம ஊர் ஈரக் காத்துல தமிழ்நாட்டுல குளிர்ற அளவுக்குக் குளிராது, அதையும் சொல்லிடறேன். ஆனா வாழை மரத்தடியில பாதி மண்ணுல புதைச்சு வச்சா மதியம்கூட கோழி குடிக்கிற பதத்துல இருக்கும்.

---

செம்பனை_பாஸ் | புதன், காலை 10:31

பனி தெளிப்பைப் பழைய தண்டல் ஐயா ஒரே வார்த்தையில ஒதுக்கிட்டார். பெரிய பண்ணையெல்லாம் தண்ணி வச்சுதானே குளிர வைக்கிறாங்க? மூடின ரெபான்ல ஒரு பக்கம் தேன்கூடு மாதிரி அட்டை, அதுல தண்ணி ஒழுகும், காத்து அது வழியா உள்ளே வரும். நான் பேராக்கிலேயே ரெண்டு பண்ணையில வயரிங் வேலை செஞ்சிருக்கேன். பண்ணைக்காரன் என்ன முட்டாளா?

---

பழைய_தண்டல் | புதன், பகல் 12:10

முட்டாள் இல்ல தம்பி. அந்த அட்டைக்கு எதிர்ப் பக்கம் என்ன இருந்தது, அதையும் சொல்லுங்க. ஆள் உயர விசிறி வரிசையா இருந்திருக்கும். கொட்டகை முழுக்கக் காத்தை இழுத்துக்கிட்டே இருக்கும். கோழியைக் காப்பாத்துறது முக்கால்வாசி அந்தக் காத்து ஓட்டம். அதனாலதான் கரண்டு போனா உடனே ஜெனரேட்டர் ஓடணும், இல்லைனா ஒரு மணி நேரத்துல கொட்டகையே காலி.

இவங்க வீட்டு ரெபான்ல மூணு பக்கம் பலகை. அதுக்குள்ளே பனி தெளிச்சா ஈரம் எங்க போகும்? கோழி தொண்டை ஈரத்தை ஆவியாக்கித்தான் பிழைக்குதுன்னு கடைக்காரர் எழுதியிருக்கார். சுத்தியும் காத்து ஈரத்தால நிறைஞ்சிருந்தா அந்த ஈரம் ஆவியாகாது. பொந்துக்குள்ளே ஆவி பிடிச்ச கணக்கா ஆயிடும். அதோட படுக்கை நனையும், அமோனியா வாடை ஏறும், குஞ்சு இருந்தா ரத்தக் கழிச்சல் நோய் வரும்.

எண்பது வெள்ளியை அங்க போடாதீங்க. பலகையைக் கழட்டுங்க.

---

பெர்லிஸ்_மருமகன் | புதன், பகல் 1:05

எங்க ஊருக்கு இது முழுசாப் பொருந்தாது ஐயா. நாட்டிலேயே அதிக வெப்பம் பதிவானது இங்க பெர்லிஸ் மாநிலத்துச் சூப்பிங்ல, 1998 ஏப்ரல் 9, 40.1 டிகிரி. 2016-ல பள்ளிக்கூடமே மூடினாங்க, பெர்லிஸ்லயும் கெடாவுலயும். பிப்ரவரி, மார்ச்ல மதியக் காத்து நல்லா காய்ஞ்சு வீசும். அந்த ரெண்டு மாசம் நான் திறந்த கொட்டகைக்கு வெளியே, காத்து வர்ற பக்கத்துல, மரத்தடியில தெளிப்பு போடுறேன். வேலை செய்யுது. மழை வந்ததும் கழட்டிடுவேன்.

---

பழைய_தண்டல் | புதன், பகல் 1:22

திறந்த கொட்டகை, காய்ஞ்ச காத்து, கோழி மேல படாம வெளியே. அப்படின்னா சரிதான். நான் சொன்னது சுங்கை சிப்புட் தாமானுக்கு. இங்க சாயங்காலம் இடி மழை, மறுநாள் மதியம் புழுக்கம்.

---

செம்பனை_பாஸ் | புதன், பகல் 1:40

சரி, ஒத்துக்கிறேன். அப்போ 80 வெள்ளிக்குச் சுவர் விசிறி வாங்கச் சொல்லுங்க. ஆனா ஒண்ணு, வீட்டு எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்து ரெபான்ல போடாதீங்க. எலி கடிக்கும், மழைச் சாரல் அடிக்கும். வெளியில போடுற சாக்கெட், கசிவு வந்தா கட் ஆகுற பிரேக்கர், வயரைக் குழாய்க்குள்ளே விடணும். விசிறியைக் கோழி உக்காரும் கம்பு உயரத்துக்கு நேரா, எட்டாத தூரத்துல வைங்க.

---

தாமான்_தங்கச்சி | புதன், இரவு 8:30

பலகையைக் கழட்டச் சொல்றீங்க, வீட்டுக்காரர் ஒத்துக்கமாட்டேங்கிறார். எங்க பின்லோரோங்குக்கு (பின்சந்து) அந்தப் பக்கம் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டம். போன வருஷம் பக்கத்து வீட்டுல மலைப்பாம்பு ஏழு கோழியை முடிச்சிட்டுப் போச்சு. பியாவாக் (உடும்பு) பட்டப்பகல்லயே முட்டைக்கு வருது. அடைச்சா வெயில்ல சாகுது, திறந்தா பாம்பு வாயில போகுது. என்னதான் பண்றது?

---

காட்டோரக்_கோழி | புதன், இரவு 9:45

இது எல்லாருக்கும் உள்ள பிரச்சனை, கொஞ்சம் விவரமாச் சொல்றேன். நான் இருக்கிறதும் தோட்டத்தை ஒட்டித்தான். செம்பனை இருக்கிற இடத்துல எலி இருக்கும், எலி இருந்தா பாம்பு வரும், அதை மாத்த முடியாது.

பலகை பாம்பைத் தடுக்குதுன்னு நினைக்கிறோம். தடுக்கிறதில்ல. பலகைக்கும் கூரைக்கும் நடுவுல ரெண்டு விரல் இடைவெளி இருந்தா போதும், பாம்பு வந்துடும். காத்து மட்டும்தான் வராது. உண்மையிலேயே தடுக்கிறது அரை அங்குலக் கண் உள்ள, வெல்டிங் பண்ணின இரும்பு வலை. ஆறு கோணக் கண் உள்ள லேசான கோழி வலை வேண்டாம், மூசாங் பிச்சிடும், சின்னப் பாம்பு நுழைஞ்சிடும். நாலு பக்கமும் இந்த வலை, கூரைக்குக் கீழேயும் வலை. சிமெண்டுத் தரைங்கிறதால அடியில தோண்டி வர்ற கவலை இல்ல. மண்தரைன்னா வலையை ஒரு அடி வெளிப்பக்கமா மடிச்சுப் புதைக்கணும்.

கழட்டின பலகையைத் தூக்கிப் போடாதீங்க. மேற்குப் பக்கத்துல கீல் வச்சு, ஜன்னல் கதவு மாதிரி மேல தூக்கிக் கம்பு கொடுத்து நிறுத்துங்க. வெயிலுக்குத் தாழ்வாரம் ஆயிடும். சாரல் அடிச்சா இறக்கி விடுங்க.

கூரைதான் அடுத்த எதிரி. தோள் உயரத்துல சிங் இருந்தா அது அடுப்புத் தட்டு. தூக்க முடிஞ்சா ஏழு எட்டு அடிக்குத் தூக்குங்க. முடியலைன்னா சிங்குக்கு மேல அரை அடி இடைவெளி விட்டு இன்னொரு நிழல் போடுங்க: கறுப்பு நெட், பழைய பானர், அத்தாப்பு (கூரை ஓலை), எது கிடைச்சாலும். நெட்டை நேரா சிங் மேல படுக்க வச்சா பயன் பாதிதான். நடுவுல காத்து ஓடணும். செம்பனை மட்டை இலவசமாக் கிடைக்கும், நிழலும் நல்லா இருக்கும். ஆனா காய்ஞ்சதும் எலியும் பூரானும் குடி வந்துடும், தீப்பொறி விழுந்தா அவ்வளவுதான். ஊதுவத்தி, சாம்பிராணி பக்கத்துல காட்டுற வீடுன்னா மட்டையை மறந்துடுங்க.

நிரந்தரத்துக்குக் கொடி விடுங்க. பூசணி, பாஷன் பழம், பாவக்கா, எதுவா இருந்தாலும் சரி.

---

லயத்துக்_கிளி | புதன், இரவு 10:10

பால்மரத்தடி (ரப்பர் மரம்) நிழலை நம்புறவங்களுக்கு ஒரு வார்த்தை. பிப்ரவரி, மார்ச்ல பால்மரம் இலையைக் கொட்டிடும். வெயில் உச்சத்துல இருக்கிறப்போ நிழலே இருக்காது. எங்கம்மா அந்த மாசங்கள்ல கோழியை லயத்து ஓரம் வாழைப் பக்கம் மாத்திக் கட்டுவாங்க. வாழையடி மண்ணு எப்பவும் ஈரம், கோழி அதைப் பறிச்சு வயித்தைப் போட்டுப் படுத்துக்கும். இப்போ சிமெண்டு வீட்டுல அதுதான் இல்ல. சிமெண்டு ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் சூட்டைக் கக்குது. தங்கச்சி, ஒரு மூலையில பழைய லோரி டயரோ மரச் சட்டமோ வச்சு, ஒரு சாண் உயரத்துக்கு மணலும் மண்ணும் கொட்டி நிழல் பண்ணு. மதியம் அந்த மண்ணுல கொஞ்சம் தண்ணி தெளி. கோழி மேல வேண்டாம், மண்ணுலதான்.

---

நிர்வாகி | வியாழன், காலை 6:50

சேரமா (குட்டி ரகக் கோழி) குஞ்சு விற்பனை விளம்பரம் ரெண்டு நீக்கப்பட்டது. சந்தைப் பகுதி தனியா இருக்கு.

---

கிராணி_வீட்டு_மருமகள் | வியாழன், காலை 9:05

ஜாகோங் (மக்காச்சோளம்) சூடு, அதை நிறுத்துங்கன்னு யாருமே சொல்லலையே? வெயில்ல ஜாகோங் போட்டா கோழி உடம்பு கொதிக்கும். தர்பூசணி, வெள்ளரி, மோர் கலந்த சோறு கொடுங்க. குளிர்ச்சி.

---

டெடாக்_கடை | வியாழன், காலை 9:40

அக்கா, எனக்கு இதுல ஒரு வழக்கு இருக்கு. 😊

எந்தத் தீனியும் செரிக்கும்போது உடம்புல சூடு கிளப்பும். அதுல அதிகம் கிளப்புறது புரதம், குறைவு கொழுப்பு, மாவுச்சத்து நடுவுல. ஜாகோங்கைத் தனியாக் குத்தவாளி ஆக்க முடியாது. ஜாகோங்கை மட்டும் வயிறு நிறையப் போட்டா புரதமும் சுண்ணாம்பும் குறைஞ்சு முட்டை கெடும், அதனால குறைக்கலாம். சூடுங்கிற காரணத்துக்காக இல்ல.

முக்கியம் எந்த நேரம் தின்னுதுங்கிறதுதான். தின்ன பிறகு சில மணி நேரம் கழிச்சுதான் செரிமானச் சூடு உச்சத்துக்கு வரும். பத்து மணிக்கு வயிறு நிரம்பினா அந்தச் சூடும் ரெண்டு மணி வெயிலும் ஒண்ணாச் சேரும். விடியற்காலையில, வெளிச்சம் வந்ததும் தீனி வைங்க. ஒன்பது, ஒன்பதரைக்கு எடுத்துடுங்க. திரும்பச் சாயங்காலம் அஞ்சுக்கு. தண்ணி மட்டும் நாள் பூரா. தங்கச்சி கோழி காலையில நல்லா தின்னுச்சு, மூணு மணிக்குப் போச்சுன்னு சொன்னாங்க. பென்சன் கோழி மூடின கொட்டகையில விசிறிக் காத்துல வளர்ந்தது. நம்ம வெயில் அதுக்குப் பழக்கமே இல்ல. பழக வாரக் கணக்காகும்.

தர்பூசணி நல்லதுதான், பத்துல ஒன்பது பங்கு தண்ணி. மதியம் ஆளுக்கு ஒரு துண்டு. அதையே சாப்பாடாக்கினா டெடாக்கை (கோழித் தீவனம்) தொடாது. மோர்ச்சோறு வெயில்ல அரை மணி நேரத்துல புளிச்சு ஈ மொய்க்கும், வேண்டாமே. முருங்கைக்கீரை கட்டித் தொங்க விடுங்க, அது எந்தக் காலத்துக்கும் நல்லது.

---

கிராணி_வீட்டு_மருமகள் | வியாழன், காலை 10:02

நாப்பது வருஷமா ஜாகோங் சூடுன்னு சொன்னவங்க எல்லாம் பொய்யா? என் மாமியார் இதைப் படிச்சா உங்க கடைப் பக்கமே வரமாட்டாங்க. விடியற்காலைத் தீனி மட்டும் ஒத்துக்கிறேன், அவங்களும் அப்படித்தான் போடுவாங்க.

---

மோட்டோ_மச்சான் | வியாழன், பகல் 12:30

சீரியஸாவே கேக்கிறேன். மதியம் ஐஸ்பெட்டியில இருந்து ஐஸ் எடுத்துத் தண்ணியில போடலாமா? ஒரு சிலர் ஐஸ் தண்ணி குடிச்சா கோழிக்கு அதிர்ச்சி வந்து செத்துடும்கிறாங்க. கோழி மயங்கி விழுந்தா என்ன செய்றது?

---

காட்டோரக்_கோழி | வியாழன், பகல் 1:15

குடிக்கிற தண்ணியில ஐஸ் போடலாம், ஒண்ணும் ஆகாது. கட்டி ஐஸ் அரை மணியில கரைஞ்சிடும். பழைய மினரல் பாட்டில்ல தண்ணி நிரப்பி உறைய வச்சு பாத்திரத்துல மிதக்க விட்டா ரெண்டு மூணு மணி நேரம் நிக்கும். வேலைக்குப் போறவங்களுக்கு அது வசதி. வேறொரு பாட்டிலைத் துணியில சுத்தி மண் குழியில வச்சா கோழி அதுமேலயே சாய்ஞ்சுக்கும்.

அதிர்ச்சிப் பயம் எல்லாம் சூட்டுல தவிக்கிற கோழியை அப்படியே ஐஸ் வாளியில முக்குறவங்களுக்கு. அதைச் செய்யாதீங்க. தள்ளாடுது, கழுத்தைத் தொங்கப் போடுது, கொண்டை கறுக்குது இல்ல வெளுக்குதுன்னா, நிழலுக்குத் தூக்குங்க. குழாய்த் தண்ணி பதத்துல ஒரு பேசின்ல காலும் வயிறும் நனையுற அளவுக்கு நிக்க வைங்க, தலை மேல ஊத்தாதீங்க. ரெக்கைக்கு அடியில கையால நனைச்சு, விசிறியோ அட்டையோ வச்சு வீசுங்க. நனைச்சதும் காத்தும் சேர்ந்தாத்தான் சூடு இறங்கும். அலகோட ஓரத்துல தண்ணியைச் சொட்டுச் சொட்டா விடுங்க. வாயைத் திறந்து ஊத்தினா மூச்சுக் குழாய்க்குள்ளே போயிடும்.

அதைவிட முக்கியம், பதினோரு மணியில இருந்து நாலு மணி வரைக்கும் கோழியைத் துரத்தாதீங்க, பிடிக்காதீங்க, மருந்து போடாதீங்க. பிள்ளைங்களுக்கும் சொல்லி வைங்க.

---

தாமான்_தங்கச்சி | வியாழன், இரவு 9:20

உப்பு, சர்க்கரை கலந்த தண்ணி கொடுக்கலாமா? மாமியார் கேக்கச் சொன்னாங்க.

---

டெடாக்_கடை | வியாழன், இரவு 9:44

கடையில கோழிக்குன்னே எலக்ட்ரோலைட் பொட்டலம் இருக்கு, வைட்டமின் சி கலந்தது வாங்குங்க. பொட்டலத்துல போட்டிருக்கிற அளவை மீறாதீங்க, உப்பு கோழிக்கு விஷமாகும். காலையில இருந்து மதியம் வரைக்கும் ஒரு பாத்திரத்துல மட்டும். பக்கத்துலயே வெறும் தண்ணி கட்டாயம் இருக்கணும். வெயில் உச்சத்துல ரெண்டு மூணு நாள் போதும், மாசம் பூரா ஊத்த வேண்டாம். கலந்த தண்ணியை ராத்திரி கொட்டிடுங்க, இனிப்புல கிருமி பெருகும். இன்னும் ஒண்ணு, தகரப் பாத்திரத்துல வினிகர் கலக்காதீங்க, தகரம் கரையும்.

---

தோட்டத்து_நர்ஸ் | வெள்ளி, காலை 7:05

எல்லாரும் நாலு பாத்திரம், ஆறு பாத்திரம்னு சொல்றீங்க. டிங்கி (டெங்கு காய்ச்சல்)? சுகாதார இலாகா ஆளுங்க பின்லோரோங்ல வந்து பொங்கல் பானையில டார்ச் அடிச்சுப் பார்த்தா? 1975-ஆம் வருஷத்து நோய் பரப்பும் பூச்சி ஒழிப்புச் சட்டம் அப்படியே இருக்கு, கோழிக்கு வச்சதுன்னு சொன்னா சம்மன் எழுதாம போகமாட்டாங்க.

ஏடிஸ் முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். தினமும் தண்ணியைக் கொட்டி, உள்சுவரைத் தேங்காய் நாரால தேய்ச்சுக் கழுவி வச்சா பிரச்சனை இல்ல. தேய்க்கணும், கொட்டினா மட்டும் போதாது, முட்டை சுவர்ல ஒட்டிக்கிட்டு இருக்கும். லோரி டயர்ல மண் போடுறவங்க உள்வளையம் முழுக்க மண் நிரம்புற மாதிரி அமுக்குங்க, இல்லைனா அதுதான் முதல் கொசுத் தொட்டி. உருகின ஐஸ் பாட்டில், பழைய மூடி, பயன்படுத்தாத பானை, எல்லாத்தையும் கவிழ்த்து வைங்க.

பச்சைப் பாசி பிடிக்குதுன்னா டப்பா வெயில்ல இருக்குன்னு அர்த்தம். கண்ணாடி மாதிரி டப்பாவை விட ஒளி புகாத பாத்திரம் நல்லது.

---

பழைய_தண்டல் | வெள்ளி, காலை 7:30

நர்ஸம்மா சொன்னது சரி. நானே எழுதியிருக்கணும்னு தோணுது, நல்லவேளை நீங்க வந்தீங்க.

இன்னொண்ணு. படுக்கைக்கு உமியோ மரத்தூளோ கனமாப் போட்டிருந்தா இந்த மாசங்கள்ல வாரி எடுத்துடுங்க. கனமாக் கிடந்தா எச்சத்தோட சேர்ந்து உள்ளேயே புளிச்சுச் சூடாகும். ரெண்டு விரல் உயரம் போதும். முட்டைப் பெட்டியைச் சூட்டுச் சுவரை ஒட்டி வைக்காதீங்க, அடைக்கோழி உள்ளேயே வெந்துடும். அடைக்கு உக்காந்த கோழி ஒரு நாளைக்கு ஒரு தடவை எழும்பும். அந்த நேரம் தண்ணி கண்ணுக்கு முன்னாடி இருக்கணும்.

---

ரப்பர்_பையன் | வெள்ளி, பகல் 11:10

கழுத்துல முடி இல்லாத கோழி வெயிலைத் தாங்கும்கிறாங்களே? அசிங்கமா இருக்குன்னு வீட்டுல வேண்டாங்கிறாங்க.

---

காட்டோரக்_கோழி | வெள்ளி, பகல் 11:35

தாங்கும். அந்த மொட்டைக் கழுத்து ஜீன் ஒரு பக்கப் பெற்றோர்ல இருந்து மட்டும் வந்தா உடம்பு முழுக்க இறகு ஐந்தில் ஒரு பங்கு குறையும், ரெண்டு பக்கமும் வந்தா ஐந்தில் ரெண்டு பங்கு. சூடு வெளியேற அவ்வளவு இடம். பார்க்கத்தான் பாதி உரிச்ச மாதிரி இருக்கும். அதுக்கு நேர் எதிர், கால் வரைக்கும் இறகு மூடின பிராமா. இன்ஸ்டாகிராம்ல அழகு, சிங் கூரைக்கு அடியில பாவம். கறிக்கோழியை ஆறு வாரத்துக்கு மேல வச்சு வளர்க்கிறவங்களுக்கும் இதேதான், உடம்பு கனம், முதல்ல விழும்.

காட்டுக்கோழி இன்னும் தோட்டத்து ஓரத்துல திரியுது, மதியம் ஒண்ணாவது வெளியே பார்த்திருக்கீங்களா? செடி அடியில பேசாம நிக்கும்.

---

தாமான்_தங்கச்சி | ஞாயிறு, இரவு 8:05

சொல்லிட்டுப் போறேன். நேத்து வீட்டுக்காரரும் அவர் அண்ணனும் சேர்ந்து மேற்குப் பலகையைக் கழட்டிக் கீல் வச்சுட்டாங்க. மத்த ரெண்டு பக்கமும் அரை அங்குல வலை. ஹார்ட்வேர் கடையில வலைக்கே 130 வெள்ளி ஆச்சு, முனகிக்கிட்டே வாங்கினார். சிங்குக்கு மேல இரும்புக் கம்பி நிறுத்தி நெட் கட்டியாச்சு. ரெபானுக்குள்ளே தெர்மாமீட்டர் மாட்டினேன். பழைய கூரையில மூணு மணிக்கு 39 காட்டுச்சு, இன்னிக்கு அதே நேரம் 34. வெளியேயும் 34 தான்.

தண்ணி நாலு இடத்துல. மாமியார் மதியம் ஒரு தடவை மாத்துறாங்க. ஒரே ஒரு பென்சன் கோழி இன்னும் வாயைத் திறக்குது, ஆனா தண்ணி குடிக்குது.

கேள்வி ஒண்ணு பாக்கி. ஐயா முதல் நாளே பச்சை எச்சம், கழுத்துன்னு கேட்டீங்க. அது வந்தா வெயில்ல இருந்து எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது?

---

பழைய_தண்டல் | ஞாயிறு, இரவு 8:40

அது வெள்ளைக் கழிச்சல், மலாய்ல சம்பார் ஆயாம்னு சொல்வாங்க. வெயில்னா மூச்சு வாங்குறது மதியம் ஏறும், சாயங்காலம் காத்து வந்ததும் இறங்கும். நிழலும் தண்ணியும் கொடுத்தா தெளியும். கழிச்சல்னா விடியற்காலைக் குளிர்லயும் மூச்சுல சத்தம் வரும், பச்சைக் கழிச்சல், கழுத்து முறுக்கு, கால் இழுப்பு. ஒண்ணு விழுந்தா அடுத்தடுத்து விழும். அப்படி வந்தா கோழியை வெளியே விக்காதீங்க, வேற வீட்டுக்குக் கொடுக்காதீங்க, கால்நடை இலாகாவுக்குச் சொல்லுங்க.

வெயில்ல களைச்ச கோழியைத்தான் நோய் முதல்ல பிடிக்கும். தடுப்பு மருந்து போட்டாச்சா?

---

தாமான்_தங்கச்சி | ஞாயிறு, இரவு 8:51

பென்சன் கோழிக்குப் பண்ணையில போட்டிருப்பாங்கன்னு நினைக்கிறேன். கம்போங் கோழிக்கு இல்ல.

---

டெடாக்_கடை | ஞாயிறு, இரவு 9:15

வீட்டுக் கோழிக்கு வெள்ளைக் கழிச்சலைத் தடுக்க வி4 தடுப்பு மருந்து இருக்கு. சூட்டைத் தாங்குற வகை, 1980-களில் செர்டாங் விவசாயப் பல்கலைக்கழகமும் ஆஸ்திரேலியர்களும் சேர்ந்து கிராமத்துக் கோழிக்காகவே கொண்டு வந்தது. கண்ணுல சொட்டு விடலாம், தண்ணியிலும் கலக்கலாம். தண்ணியில கலக்குறவங்க குழாய்த் தண்ணியை அப்படியே எடுக்காதீங்க, குளோரின் மருந்தைக் கொன்னுடும். முந்தின ராத்திரியே பிடிச்சுத் திறந்து வைங்க. மருந்துத் தண்ணி குடிக்க வைக்கணும்னு கோழியைத் தாகத்துல போடுவாங்க, இந்த வெயில்ல அதைச் செய்யாதீங்க. விடியற்காலையில கண் சொட்டுதான் நல்லது. நோய் பட்ட கோழிக்கு, வாய் பிளந்து நிக்கிற கோழிக்குப் போடாதீங்க, அது தெளியட்டும்.

ஒரு குப்பி நூத்துக்கணக்கான கோழிக்கு வரும், கலந்துட்டா சில மணி நேரத்துல முடிச்சாகணும். பத்துக் கோழிக்காக ஒரு குப்பி உடைக்கிறது வீண். பக்கத்துல யாராவது சேர்ந்தா வர்ற சனிக்கிழமை ஒண்ணு உடைக்கலாம்.

---

லயத்துக்_கிளி | ஞாயிறு, இரவு 9:22

எனக்கு 14 இருக்கு. பக்கத்து வீட்டு ஆண்டிக்கு எட்டு. நாங்க சேர்ந்துக்கிறோம். எத்தனை மணிக்கு?

---

டெடாக்_கடை | ஞாயிறு, இரவு 9:30

ஏழு மணிக்குக் கடை வாசல்ல. ஐஸ் போட்ட பிளாஸ்க் கொண்டு வாங்க, சூட்டைத் தாங்கும்னு மோட்டோ கூடையில போட்டுக்கிட்டுப் போகக் கூடாது. எட்டு மணிக்குள்ளே சொட்டு விட்டு முடிச்சிடணும்.